நாக்கும் நாகரிகமும்

அயல்மொழி ஒன்றைக் கற்கப் புகுவோர் முதலில் எதைக் கற்கின்றனர்? வணக்கம் கூற, பெயர் சொல்ல, வழி கேட்க, விலை கேட்க! அடுத்த பாடம் பெரும்பாலும் சாப்பாடுதான். காவியம் பிறகு வரும். இலக்கணம் மெல்ல வரும். வயிறோ முன்வரிசையில் வந்து நிற்கும்!

இத்தாலி நாட்டிலே மாலை நேரங்களில் நடக்கும் மொழி வகுப்பொன்றை மனக்கண்ணால் காண்போம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வந்தோர், அந்நாட்டில் நீண்டகாலம் தங்கும் உரிமை வேண்டுமாயின், இத்தாலிய மொழியை ஓரளவேனும் அறிந்தவர் என்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2010ஆம் ஆண்டு வந்தது. ஆகவே பகலெல்லாம் பாடுபட்டவர்கள், மாலையில் பலகையிலே வந்து அமர்கின்றனர். மொராக்கோக்காரர் ஒருபுறம், வங்காள தேசத்தார் மறுபுறம், செனெகல் நாட்டுப் பெண்மணி முன்வரிசையில். ஆசிரியை கேட்கிறார்: "அயல்நாட்டு உணவில் உங்களுக்குப் பிடித்தது எது?"

எளிய கேள்விதான். ஆனால் விடை கூறுமுன் ஒன்று புலப்படும். ஆசிரியைக்குக் குஸ்குஸ் அயல் உணவு. கோதுமை ரவையைத் திரட்டி ஆவியில் வேகவைத்த வட ஆப்பிரிக்கப் பண்டம். மொராக்கோக்காரருக்கோ அது அன்னை ஊட்டிய உணவு! அவருக்கு அயலாகத் தோன்றுவது, வட இத்தாலியர் விரும்பி உண்ணும் போலெந்தா என்னும் மக்காச்சோளக் களி. அறை ஒன்று, கேள்வி ஒன்று. ஆயினும் 'அயல்' என்ற சொல் மட்டும் ஆளுக்கு ஆள் இடம் மாறி அமர்கிறது! அப்படியானால் அயல் என்பது உணவின் குணமா? அன்று. உண்பவன் நிற்கும் இடத்துக்கு இட்ட பெயர்.

அந்தச் சின்னஞ்சிறு வகுப்பறைக்குள்ளே பெரியதோர் அறக்கேள்வி அமர்ந்திருக்கக் காண்கிறோம். பிறர் உண்ணும் உணவைப் பற்றி வாய் திறக்கும்போது நாம் தீர்ப்புக் கூறுவது எதன்மீது? உணவின்மீதா? உண்போர்மீதா? அல்லது, நம்மை அறியாமலே, நம்மீதா?

இத்தாலிய மொழியின் இலக்கணமே இதற்கு விடை தேடும் வழியைக் காட்டுகிறது. 'மி பியாச்சே' என்பர் இத்தாலியர். 'எனக்குப் பிடிக்கும்' என்பது பொருள். ஆங்கிலம் படித்தோர் இதைக் கற்கத் திணறுவர். ஏனெனில் ஆங்கிலத்தில் 'நான்' முன்னே நின்று, உணவைச் செயப்படுபொருளாக்கிப் பின்னே நிறுத்தும். இத்தாலியத்தில் உணவே எழுவாய்! உணவு ஒன்றாயின் 'பியாச்சே', பலவாயின் 'பியாச்சோனோ'. உண்பவர் ஒருவரா நூற்றுவரா என்பதை அந்த வினைமுற்று பொருட்படுத்துவதே இல்லை. தமிழருக்கு இதிலே தடுமாற்றம் இராது. 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்கிறோம். எழுவாய் மாம்பழம், நாம் நான்காம் வேற்றுமை! உடனே, "பார்த்தீரா, இத்தாலியமும் தமிழிலிருந்து பிறந்ததே!" என்று முழங்கக் கிளம்பிவிட வேண்டாம். தொடர்பில்லாத மொழிகள் சிலவற்றில் ஒரே அமைப்புத் தோன்றுவதுண்டு. பெருமை பேச அன்று, பொருள் உணரவே இதைக் கூறுகிறோம்.

என்ன பொருள்? 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குப் பிடிக்கவில்லை' என்போர், தமக்கும் அந்த உணவுக்கும் இடையே நேர்ந்த ஒன்றைத்தான் கூறுகின்றனர். உலகுக்குச் சட்டம் இயற்றவில்லை. 'நோன் மி பியாச்சே', எனக்குப் பிடிக்கவில்லை என்பது அடக்கமான வாக்கியம், உண்மையான வாக்கியம். அதற்குப் பக்கத்திலேயே மற்றொரு சொற்றொடரும் இத்தாலியத்தில் உண்டு: 'கே ஸ்கீஃபோ!' சீ, அருவருப்பு! இங்கே 'எனக்கு' என்ற சொல்லையே காணோம்! பேசுகிறவன் மறைந்துவிட்டான், பழி முழுதும் பண்டத்தின் தலையில். பண்டத்தின் தலையில் விழுந்த பழி அதோடு நிற்குமா? அதைச் சமைத்த கைக்கும், உண்ட வாய்க்கும், வளர்த்த குலத்துக்கும் பரவும். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது நாக்கின் சொல். "சீ!" என்பது ஆணவத்தின் சொல். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதால் ஒன்றென்று மயங்குகிறோம்.

மயக்கம் தனிமனிதனோடு நின்றால் கேடு சிறிது. அது சுவரொட்டியாகி, சட்டமாகி வந்ததை இத்தாலி கண்டிருக்கிறது.

இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், வட இத்தாலியில் வலுப்பெற்றிருந்த லேகா நோர்ட் என்ற கட்சி ஒரு முழக்கத்தை எழுப்பிற்று: "போலெந்தாவுக்கு ஆம்! குஸ்குஸுக்கு இல்லை!" உணவைப் பற்றிய பேச்சா அது? உணவின் பெயரால் மனிதரை விரட்டும் பேச்சு! 2009ஆம் ஆண்டு லூக்கா என்னும் பழம்பெரும் நகரின் மன்றம், கோட்டை மதிலுக்குள் அமைந்த பழைய நகரப் பகுதியில் பிற இனத்தாரின் உணவுக் கடைகள் புதிதாகத் தோன்றுவதைத் தடுக்க விதி செய்தது. 2019ஆம் ஆண்டு, போலோஞா நகரின் காவல் புனிதர் பெத்ரோனியோ திருவிழாவையொட்டி, பன்றியிறைச்சி உண்ணாதாரும் உடன் அமர்ந்து உண்ணட்டும் என்று, கோழியிறைச்சி பொதிந்த தோர்தெல்லினியும் செய்யலாம் என்றனர். பழைய தோர்தெல்லினியை எவரும் பறிக்கவில்லை. பக்கத்தில் ஒரு தட்டுக் கூடுதல், அவ்வளவே! அதற்கும் எழுந்தது அமளி. மரபு போயிற்று, மானம் போயிற்று என்று தலைவர்கள் பேசினர்!

மரபு என்கின்றனரே, அந்த மரபின் வயதைச் சற்றுக் கேட்டுப் பார்ப்போமா?

குஸ்குஸை எதிர்த்து நிறுத்தப்பட்ட போலெந்தாவையே எடுத்துக்கொள்வோம். தினையையும் வேறு தானியங்களையும் கொண்டு களி கிண்டுவது அங்கே பழைய வழக்கந்தான். ஆனால் இன்று போலெந்தா என்றால் நினைவுக்கு வரும் மஞ்சள் களி மக்காச்சோளத்தால் ஆனது. மக்காச்சோளம் இத்தாலியின் மண்ணில் பிறந்ததன்று. 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகே அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. அதை இத்தாலியர் 'கிரான்துர்க்கோ' என்றனர். 'துருக்கித் தானியம்' என்று பொருள். துருக்கிக்கும் அதன் பிறப்புக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வெளியிலிருந்து வந்தது எதுவோ அது துருக்கியது என்பது அக்கால வழக்கு. ஆக, 'எங்கள் மரபுணவு' என்று தூக்கிப் பிடித்த பண்டத்தின் பெயரிலேயே 'அயலான்' என்ற முத்திரை குத்தப்பட்டிருக்கிறது!

விரட்டப்பட்ட குஸ்குஸின் கதை என்ன? சிசிலித் தீவின் திராப்பனி வட்டாரத்தில் மீன் சாற்றோடு உண்ணும் குஸ்குஸ் ஊர் உணவு. ஆப்பிரிக்கக் கரைக்கும் அத்தீவுக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான்! அவ்வட்டாரத்துச் சான் வீத்தோ லோ காப்போ என்ற கடற்கரையூரில் 1998 முதல் குஸ்குஸுக்கென்றே விழா எடுக்கின்றனர். அதுமட்டுமா? இத்தாலியச் சமையலின் முதன்மை நூலென்று வீடுதோறும் போற்றப்படுவது, பெல்லெக்ரீனோ அர்த்தூசி 1891இல் தம் சொந்தச் செலவில் வெளியிட்ட நூல். நாடு 1861இல் ஒன்றானபோது பொதுமொழி அறிந்தோர் மிகச் சிலர்; வட்டாரத்துக்கொரு பேச்சு. சமையற்கட்டு வழியே அந்தப் பொதுமொழியை வீட்டுக்குள் கொண்டு சேர்த்த நூல்களில் ஒன்று அது. அந்நூலிலேயே குஸ்குஸ் செய்முறை இடம்பெற்றிருக்கிறது, அது அராபியர் வழி வந்தது, யூதர் வழிப் பரவியது என்ற குறிப்போடு! மரபின் ஏட்டைப் புரட்டினால் மரபுக் காவலரின் முழக்கம் அங்கேயே பொய்த்துப் போகிறது.

அர்த்தூசி கத்தரிக்காயைப் பற்றியும் ஒரு செய்தி தருகிறார். தம் காலத்துக்கு நாற்பது ஆண்டு முன்பு ஃபுளோரன்ஸ் அங்காடியில் கத்தரிக்காயைக் காண்பதே அரிது என்கிறார். காரணம்? யூதர் தின்னும் காய் என்ற இழிவு! காய் கெட்டதா? நஞ்சு கலந்ததா? இல்லை, உண்டவர் யார் என்பதே குற்றம். பிறகு அக்காய் நாடெங்கும் விருந்துக்கு வந்தது. காய் மாறவில்லை, கண் மாறிற்று!

தக்காளியும் அவ்வாறே. 'போமோதோரோ', பொற்கனி என்று அழகிய பெயர் சூட்டினர். 1544லேயே மத்தியோலி என்ற மருத்துவ அறிஞரின் நூலில் அக்கனி பேசப்படுகிறது. ஆயினும் நெடுங்காலம் ஐயத்தோடு பார்த்தனர். 1690களில் நேப்பிள்ஸில் லத்தீனி என்பார் எழுதிய சமையல் நூலில் தக்காளிக் குழம்பு வருகிறது, 'ஸ்பானிய முறை' என்ற அடைமொழியோடு! சேமியாவைத் தக்காளியோடு சேர்க்கும் செய்முறை கவல்காந்தியின் நூலில் 1839இல் காணக் கிடைக்கிறது. இன்று உலகம் 'இத்தாலி' என்றதும் நினைக்கும் செந்நிறத் தட்டு, அந்நாட்டின் நீண்ட வரலாற்றில் நேற்றுப் பிறந்த குழந்தை.

இவையெல்லாம் எள்ளி நகையாடத் தக்க முரண்பாடுகள் மட்டும் என்றால், சிரித்துவிட்டு ஏட்டை மூடிவிடலாம். ஆனால் போலெந்தாவின் கதையில் கண்ணீர் இருக்கிறது.

மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் மக்காச்சோளத்தை அப்படியே மாவாக்கி உண்பதில்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, பிறகே அரைப்பர். ஆயிரக்கணக்கான ஆண்டு அனுபவம் தந்த அறிவு அது. அந்தத் தானியத்திலே உடலால் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற ஊட்டச்சத்தை அச்சுண்ணாம்பு நீர் விடுவிக்கிறது. ஐரோப்பியர் தானியத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தனர். அந்த அறிவைக் கொண்டுவரவில்லை. 'காட்டுமிராண்டிகள்' என்று கருதியவரிடம் சமையல் பாடம் கேட்பார்களா!

விளைவு? வெனெத்தோவிலும் லொம்பார்தியிலும் உழைக்கும் குடியானவர், விளைந்த கோதுமையை நிலக்கிழாருக்கு அளந்துவிட்டு, காலையிலும் களி, மாலையிலும் களி என்று வாழ்ந்தனர். தோல் வெடித்தது, வயிறு கெட்டது, இறுதியில் அறிவே கலங்கிற்று. 1771இல் மிலான் மருத்துவர் ஃபிராப்போல்லி அந்நோய்க்கு 'பெல்லாக்ரா' என்று பெயரிட்டு எழுதினார். சொரசொரத்த தோல் என்று மக்கள் வழங்கிய பெயர் அது. நூறாண்டுக்கு மேலாக அந்நோய் ஏழையைத் தின்றது. கெட்டுப்போன சோளத்தின் நஞ்சே காரணம் என்று லொம்புரோசோ போன்ற பேரறிஞரும் அடித்துப் பேசினர். 20ஆம் நூற்றாண்டில், அமெரிக்காவில் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் இது உணவுக் குறையால் வருவதென்று மெய்ப்பித்தார். 1937இல் எல்வேஜெம் என்ற ஆராய்ச்சியாளர் நியாசினே மருந்தென்று கண்டார்.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! பண்டத்தைப் பறித்துக்கொண்டனர், பாடத்தைக் கேட்கவில்லை. உணவை ஏற்றனர், உண்டவரை ஏற்கவில்லை. பசியும் நிலக்கிழாரின் பேராசையும் ஒருபுறம். இந்த அகந்தை மறுபுறம். இரண்டுக்கும் விலை கொடுத்தவன் ஏழை உழவன். அயலான் உணவைப் பற்றி அவனோடு அமர்ந்து பேசக் கற்பது வெறும் மரியாதை அன்று. சிலபோது அது உயிர் காக்கும் அறிவு!

இத்தாலிய மொழியில் அழகியதொரு சொல் உண்டு: 'சப்பேரே'. 'அறிதல்' என்பது அதன் பொருள். 'சுவை கொண்டிருத்தல்' என்பதும் அதன் பொருள்! அவன் இத்தாலியம் அறிவான் என்பதற்கும், இக்குழம்பு உப்புக் கரிக்கிறது என்பதற்கும் அதே வினைச்சொல். அதன் மூலமான இலத்தீன் சொல்லிலிருந்துதான் 1758இல் லின்னேயஸ் மனித இனத்துக்கு இட்ட 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்ற பெயரும் வருகிறது. சுவைத்து அறியும் உயிர் மனிதன்! சுவைக்காமலே தீர்ப்பளிப்பவன், தன் இனத்தின் பெயருக்கே பொருந்தாதவன் ஆகிறான்.

"அப்படியாயின் எல்லாவற்றையும் விழுங்கச் சொல்கிறீரா? எதையும் மறுக்கக் கூடாதா?" என்று கேட்கக் கூடும். நல்ல கேள்வி. மறுக்கலாம். நாக்கு மறுத்தால், "எனக்குப் பிடிக்கவில்லை" என்று தயங்காமல் கூறலாம். பொய்யாகப் புகழ்வதும் விருந்தோம்பியவரை ஏய்ப்பதே. உடலுக்குக் கேடு என்ற காரணம் இருப்பின் சட்டமே தடுக்கலாம். சர்தீனியாத் தீவில் உயிருள்ள புழுக்கள் நெளியும் 'காசு மார்சு' என்ற பாலாடைக்கட்டி உண்டு. அவ்வூராரின் பழம்பெரும் மரபு. 1962 முதல் அதன் விற்பனையை இத்தாலியச் சட்டம் தடுத்தது, நலவாழ்வு காரணமாக. அத்தடையை வாதிட்டுத் தாங்கவும் செய்யலாம், தகர்க்கவும் செய்யலாம். ஏனெனில் அதிலே ஆராயத்தக்க காரணம் இருக்கிறது. 'அயலானுடையது' என்பது காரணமா? அதை ஆராய்வதெப்படி? எந்தச் சோதனைக் குழாயில் இட்டுப் பார்ப்பது?

மற்றொரு கேள்வியும் எழும். அது நம்மை நோக்கி எழும் கேள்வி. "தாய்மொழி காப்போம் என்கிறீரே, தமிழில் சொல் ஆக்குகிறீரே! அயல்சொல் வேண்டாம் என்போர், அயல் உணவு வேண்டாம் என்போருக்கு அண்ணன் தம்பி அல்லரோ?" நழுவாமல் விடையளிப்போம். இத்தாலியிலே பாசிச ஆட்சி 1940இல் கடைப் பலகைகளிலும் விளம்பரங்களிலும் அயல்சொற்களைச் சட்டத்தால் தடுத்தது. அதற்குச் சில ஆண்டு முன்னரே, அவ்வாட்சியின் ஆதரவாளரான கவிஞர் மரினெத்தி, 'பார்' என்ற மதுக்கடைப் பெயருக்கு மாற்றாக 'இங்கே குடிக்கலாம்' என்று பொருள்படும் சொல்லொன்றைப் புனைந்தவர்களுள் முன்னின்றார். அதே மரினெத்தி 1930இல், இத்தாலியர் பாஸ்தா உண்பதையே விடவேண்டும், அது வீரத்தை மழுக்குகிறது என்றும் அறிக்கை விட்டார்! அயலானை விரட்டக் கிளம்பிய வெறி, இறுதியில் தன் வீட்டுச் சட்டியையே உடைத்த வேடிக்கை!

சொல் ஆக்குவது வேறு, வாயை அடைப்பது வேறு. கடல் கடந்து வந்த காரக் காயை நம் முன்னோர் வெறுத்து ஒதுக்கவில்லை. மிளகு போல் காரம் தரும் காய் என்று 'மிளகாய்' எனத் தம் சொல்லால் அழைத்து அடுக்களையில் இடம் தந்தனர். இத்தாலியர் 'பொற்கனி' என்றதும் அவ்வாறே. பெயர் சூட்டுவது வரவேற்பு. பெயரையும் பொருளையும் ஆளையும் சேர்த்துத் தடுப்பது வெறுப்பு. பாமரருக்கும் விளங்கப் பேசத் தாய்மொழிச் சொல் வேண்டும் என்கிறோமே தவிர, பிறன் நாக்கை அறுக்க வேண்டும் என்று நாம் சொல்வதில்லை. என்றேனும் சொல்லத் தலைப்பட்டால், அன்று நாமும் அந்தப் பாசிசக் கூட்டத்தின் பந்தியில் அமர்ந்தவர்களாவோம்.

பந்தி என்றதும் நம் நாட்டுக் கதை நினைவுக்கு வாராதிருக்குமா? 1920களின் நடுவில், சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவருக்குத் தனிப் பந்தி நடந்ததையும், பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதை எதிர்த்து நின்றதையும் நாம் அறிவோம். அங்கே அயல்நாட்டு உணவு ஏதுமில்லை. ஒரே ஊர், ஒரே மொழி. ஆயினும் உடன் அமர்ந்து உண்பது தீட்டு! லூக்கா நகரின் மதிலைக் கண்டு நகைக்கும் நமக்கு, நம் வீட்டு மதில்கள் இன்னும் முற்றாக இடியவில்லை என்ற நாணமும் வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டு வருவோரிடம், "என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டுச் சாதியை முகர்ந்து பார்க்கும் வழக்கம் இன்றும் உண்டு. அந்தக் கேள்வியும் சாப்பாட்டைப் பற்றியதுதான். ஆனால் மொழி வகுப்பின் கேள்வி கதவைத் திறக்கிறது. இது கதவைச் சாத்துகிறது!

இத்தாலியர் இஞ்சியை 'சென்செரோ' என்பர். அச்சொல் இலத்தீனம், கிரேக்கம் வழியே பின்னோக்கிச் சென்று, 'இஞ்சிவேர்' என்னும் நம் சொல்லில் வேர்கொண்டிருப்பதாக மொழிநூலறிஞர் காட்டுவர். இதைச் சொல்லி மார்தட்டலாம். மார்தட்டுவதைவிட மேலான செயல் ஒன்றுண்டு. நம் இஞ்சி எத்தனையோ அயல் வாய்களில் நுழைந்து, காரம் என்று கண்ணீர் வரவழைத்து, பின் மெல்ல இடம்பிடித்ததை எண்ணி, அயல் உணவு நம் வாயில் நுழையும்போது நாமும் அந்தப் பொறுமையைக் காட்டலாம்.

அந்த வகுப்பறைக்குத் திரும்புவோம். அங்கே கற்பிக்கும் வாக்கியங்கள் மூன்று. 'மி பியாச்சே', எனக்குப் பிடிக்கும். 'நோன் மி பியாச்சே', எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதொன்று: 'நோன் லோ மாய் அஸ்ஸஜ்ஜாத்தோ', நான் இன்னும் சுவைத்ததில்லை! முதலிரண்டும் நாக்கின் உரிமை. மூன்றாவது அறிவின் கடமை. "சீ!" என்று சொல்லத் துடிக்கும் நேரத்திலே, "இன்னும் சுவைத்ததில்லை" என்று சொல்ல முடிந்தவனே பகுத்தறிவாளன். அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொள்வதில் தொடங்குகிறது ஆராய்ச்சி. அறியாததை அருவருப்பென்று பெயரிடுவதில் தொடங்குகிறது தீண்டாமை.

தோழர்களே! கடவுளையும் சாத்திரத்தையும் கேள்வி கேட்கத் துணிந்த நாம், நம் நாக்கின் நுனியில் அமர்ந்திருக்கும் சாத்திரத்தையும் கேள்வி கேட்போம். அயலான் தட்டை நீட்டும்போது, முதலில் பெயர் கேட்போம், பிறகு செய்முறை கேட்போம், விரும்பினால் ஒரு பிடி உண்போம். பிடித்தால் மகிழ்வோம், பிடிக்காவிட்டால் 'எனக்கு' என்ற சொல்லை மறவாமல் சேர்த்துச் சொல்வோம். அந்த ஒரு சொல்லிலே பணிவு இருக்கிறது. அந்தப் பணிவிலே, மனிதரை மனிதரோடு ஒரே பந்தியில் அமர்த்தும் நாகரிகம் இருக்கிறது.